உங்கள் மகள் கொடுத்த மெழுகுவர்த்தியை எரித்துப் பார்த்தேன்

வணக்கம் அம்மா,

போன வாரம் நீங்களும் மகளும் வந்திருந்தபோது, கிளம்பும் அவசரத்தில் அவள் ஒரு மெழுகுவர்த்தியை என் மேசையில் வைத்து, "சும்மா, வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். "வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறாள், முடித்ததும் வேலைக்குப் போகாமல் இதையே தொழிலாகச் செய்கிறேன் என்கிறாள், விடலாமா கூடாதா" என்று நீங்கள் கேட்டதற்கு அன்று நான் மழுப்பலாகத்தான் பதில் சொன்னேன். காரணம், அந்தப் பொருளை நான் அதுவரை எரித்துப் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதற்கென்றே உட்கார்ந்தேன்.

ஏற்றுவதற்கு முன் சமையலறைத் தராசில் வைத்தேன். கண்ணாடியோடு சேர்த்து 412 கிராம். மெழுகு 180 கிராம் என்று சீட்டில் போட்டிருக்கிறாள்; "60 மணி நேரம் எரியும்" என்றும் போட்டிருக்கிறாள். நான்கு மணி நேரம் எரித்து, அணைத்து, ஆறவிட்டு மறுபடி நிறுத்தால் 398. மணிக்கு மூன்றரை கிராம் போகிறது. அந்தக் கணக்கில் 180 கிராம் 51 மணி நேரத்துக்குத்தான் வரும். சரி, 60 என்பது எங்கிருந்து வந்தது? அவளைக் கேளுங்கள். வேறு யாருடைய சீட்டிலோ பார்த்து எழுதியிருப்பாள் என்பது என் ஊகம். இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஏழு சென்டிமீட்டர் அகலமான குவளையில் நான்கு மணி நேரம் கழித்தும் உருகிய வட்டம் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் மெழுகு சுவர் மாதிரி நின்றது. திரியின் நுனியில் காளான் போலக் கரி உருண்டிருந்தது. முதலாவதை மட்டும் பார்த்தால் திரி சிறியது என்று தோன்றும். இரண்டாவதை மட்டும் பார்த்தால் திரி பெரியது என்று தோன்றும். இரண்டும் ஒரே மெழுகுவர்த்தியில் எப்படி? ஏற்றும் முன்பே மெழுகின் மேல் பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் வியர்த்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாசனை எண்ணெய் எவ்வளவு சேர்க்கிறாய் என்று அன்று நான் கேட்டபோது "கண் அளவுதான்" என்றாளே, அதுதான். மெழுகு தாங்கக்கூடிய அளவைத் தாண்டி எண்ணெய் போயிருக்கிறது. அது திரியை அடைக்கிறது, சுடர் தள்ளாடுகிறது, கரி கட்டுகிறது. 180 கிராம் மெழுகுக்கு 6 சதவீதம் என்றால் 11 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தராசில் நிறுத்து ஊற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றினால் வாசனை கூடாது, செலவுதான் கூடும். வாங்கும் பொருள்களிலேயே விலை அதிகமானது அந்த எண்ணெய்தான் என்று நீங்களே சொன்னீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் அவளிடம் சொல்லுங்கள். விளிம்பு வரை உருகவில்லை என்றதும் உடனே தடித்த திரிக்குத் தாவிவிடக் கூடாது. மெழுகு கீழே இறங்க இறங்கக் குவளைக்குள் சூடு கூடும். மேலே நின்ற சுவரில் பாதி அப்போது தானாக உருகி இறங்கிவிடும். முதல் எரிப்பிலேயே விளிம்பைத் தொடும் திரி, அடிப்பகுதிக்கு வரும்போது கண்ணாடியை அளவுக்கு மீறிச் சுடவைக்கும். குவளை விரிசல் விடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டரில்தான். அதனால் ஒரு மெழுகுவர்த்தியை நான்கு நான்கு மணி நேரமாக முதல் நாளிலிருந்து கடைசி வரை எரித்துப் பார்த்த பிறகே அந்தத் திரியும் குவளையும் மெழுகும் எண்ணெயும் பொருந்துகிறதா என்று சொல்ல முடியும். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டியிருக்க வேண்டும். நான்கில் ஒன்றை மாற்றினாலும் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். வாசனையை மட்டும் மாற்றினாலும்கூட.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? மகள் காட்டிய நோட்டில் ஆர்டர்கள் இருந்தன, படங்களுக்கு வந்த விருப்பங்களின் எண்ணிக்கை இருந்தது, அடுத்துச் செய்ய நினைக்கும் வாசனைகள் பதினெட்டு இருந்தன. எரித்துப் பார்த்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷமாக ஆய்வகத்தில் எடை, வெப்பநிலை, நேரம் என்று பதிவேடு எழுதிப் பழகிய பெண்! அந்தப் பழக்கத்தைக் கல்லூரி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். எனக்கு இதுதான் கவலை. வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

படிப்பு வீணாகிவிடும் என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். மெழுகுவர்த்தியின் கதையே வேதியியல்தான் அம்மா. கொழுப்பைப் பிரித்து ஸ்டியரிக் அமிலத்தை எடுத்து மெழுகுவர்த்தி செய்வதற்கு ஷெவ்ரலும் கே-லுசாக்கும் காப்புரிமை பெற்றது 1825-இல். இருவரும் அவள் பாடப்புத்தகத்தில் வருகிற ஆட்கள். ஏறக்குறைய அதே காலத்தில் காம்பசெரஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் திரியை முறுக்குவதற்குப் பதில் பின்னிப் பார்த்தார். பின்னிய திரி எரியும்போது வளையும். நுனி சுடருக்கு வெளியே நீண்டு தானே எரிந்து தீரும். அதற்கு முன்பெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து போய்த் திரியைக் கத்தரித்துவிட வேண்டியிருந்தது. இவள் வாங்கும் சோயா மெழுகும், சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியதுதான். தேர்வில் எழுதிய அதே வினை. ஆகவே படிப்பை முடிக்கட்டும். இதில் என்னிடம் பேரம் இல்லை. கடைசி ஆறு மாதத்தில் ஆர்டர் வருகிறது என்று தேர்வைத் தள்ளிப்போட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆர்டர் நின்றுபோகும், தேர்வு அப்படியே பாக்கி கிடக்கும்.

நெருப்பைப் பற்றிய உங்கள் பயத்தை அவள் சிரித்துத் தள்ளினாள். நான் உங்கள் கட்சி. பாரஃபின் மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் நீர் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது; நீர் வற்றியதும் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். உருக்கும்போது தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கட்டும், அடுப்பருகில் ஆள் இருக்கட்டும். மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் நீர் ஒரே நொடியில் ஆவியாகி எரியும் மெழுகைச் சுற்றிலும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து உலோக மூடியால் மூட வேண்டும். அந்த மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

வாங்குகிறவர் வீட்டு நெருப்புக்கும் அவள்தான் பொறுப்பு. மெழுகுவர்த்தியின் தீப் பாதுகாப்புக்கு அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப் 2417, ஐரோப்பாவில் ஈஎன் 15493 என்று தரங்கள் இருக்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்தில் எது செல்லுபடியாகும் என்று விசாரித்துவிடுங்கள், வீட்டிலிருந்து தொழில் செய்வதற்கான பதிவையும் காப்பீட்டையும் சேர்த்தே. எங்கே விற்றாலும் சீட்டில் மூன்று விஷயம் இருந்தாக வேண்டும்: எரியும்போது கண்பார்வையில் வைக்க வேண்டும், தீப்பிடிக்கும் பொருள்களுக்கு அருகில் வைக்கக் கூடாது, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இப்போது அவள் சீட்டில் தங்க நிறத்தில் ஒரு நிலா இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. வாசனை எண்ணெய் விற்பவரிடம் இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) விதிப்படியான சான்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மெழுகுவர்த்தி அதில் 12-ஆம் வகையில் வரும், உச்ச அளவு அங்கே போட்டிருக்கும். கேட்டால் தராத வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

இப்போது பணம். "பாதிக்குப் பாதி லாபம்" என்றாள். ஒரு மெழுகுவர்த்தி 100-க்கு விற்கிறது என்று வைத்துக்கொண்டு ஓர் உதாரணக் கணக்குப் போடுகிறேன். எண்களை மாற்றி அவளுடைய கணக்கைப் போட்டுக்கொள்ளட்டும். மெழுகு, குவளை, திரி, எண்ணெய் எல்லாம் 35. பெட்டியும் உள்ளே வைக்கும் காகிதமும் 10. பணம் வாங்கித் தரும் செயலிக்கும் இணையச் சந்தைக்கும் 5. உடைந்தது, சோதனைக்கு எரித்தது, வாசனை பிடிக்காமல் திரும்பி வந்தது என்று 5. மீதி 45. இதைத்தான் அவள் லாபம் என்கிறாள். அதற்குள் அவள் கூலி இருக்கிறது. 24 மெழுகுவர்த்திக்கு உருக்கி, ஊற்றி, சீட்டு ஒட்டி, படம் எடுத்து, கேட்பவருக்கெல்லாம் பதில் அனுப்பி, கட்டி அனுப்பி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டேன். தெரியவில்லை. ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதட்டும். மொத்த மீதியை அந்த மணி நேரத்தால் வகுத்து வரும் எண்ணை, இவள் படிப்புக்குக் கிடைக்கும் முதல் வேலையின் மணிக்கூலியோடு வைத்துப் பாருங்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் பேசினால் பேச்சில் சூடு குறையும்.

ஒரு பரிசுப் பொருள் கடைக்காரர் மொத்தமாகக் கேட்கிறார் என்றாளே, அதையும் இதே கணக்கில் போட்டுப் பார்ப்போம். கடைக்காரர்கள் பொதுவாகச் சில்லறை விலையில் பாதிக்குத்தான் கேட்பார்கள். 50-க்குக் கொடுத்தால் பொருள் 35, பெட்டி 10, சேதாரம் 5. கையில் நிற்பது பூஜ்யம். நூறு மெழுகுவர்த்தி கேட்டால் நூறு முறை பூஜ்யம். பெரிய ஆர்டர் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் ராத்திரி உட்கார்ந்து சீட்டு ஒட்டுவீர்கள். கடைக்குக் கொடுக்க ஆசை இருந்தால் விலையை ஆரம்பத்திலேயே அதற்கு இடம்விட்டு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எளிய குவளையில், பெட்டி இல்லாமல், கடைக்கென்று தனியாக ஒன்று செய்ய வேண்டும். விற்றால்தான் பணம் என்று வைத்துவிட்டுப் போகச் சொல்லும் கடை இப்போதைக்கு வேண்டாம். முதல் முடங்கிவிடும்.

முதல் என்றதும் இன்னொன்று. சோயா மெழுகு ஊற்றியவுடன் விற்கிற சரக்கு இல்லை; வாசனை படிய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆறப்போட வேண்டும். அத்தனை நாளும் போட்ட பணம் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். பதினெட்டு வாசனை செய்தால் பதினெட்டு வாசனையும் உட்கார்ந்திருக்கும். மூன்று போதும். மூன்றையும் முழுதாக எரித்துச் சோதித்து, நான்காவது வேண்டுமென்றால் இருப்பதில் மெதுவாக விற்பதை எடுத்துவிட வேண்டும். பரிசு கொடுக்கும் பருவங்களில் விற்பனை ஏறி, பிறகு சட்டென்று இறங்கும் தொழில் இது. ஏறும்போது ஆள் வைத்தால் இறங்கும்போது சம்பளம் கொடுக்க முடியாது. வெயில் காலத்தில் அனுப்பும் பெட்டிகளையும் மறக்க வேண்டாம். குவளையில் ஊற்றும் சோயா மெழுகு 50 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது.

பெரிய உருக்குப் பாத்திரம் வாங்கக் கடன் எடுக்கலாமா என்றீர்கள். வேண்டாம். இப்போது அவளுக்குத் தட்டுப்பாடு பாத்திரம் இல்லை, தெரியாதவர்கள் திரும்பி வந்து வாங்குவதுதான். முதல் முப்பது பேர் அத்தை, சித்தி, தோழி, தோழியின் அக்கா. அவர்கள் நல்ல மனசுக்காக வாங்குவார்கள். உறவும் நட்பும் இல்லாத ஒருவர் ஒன்று வாங்கி, எரித்துத் தீர்த்து, இரண்டாவது கேட்டாரா? அந்தப் பெயர்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கட்டும். அந்தப் பக்கம் நிரம்பினால் விற்ற பணத்திலேயே பாத்திரம் வாங்கலாம். அப்போதும் இரண்டு கிலோவில் சரியாக வந்தது பத்து கிலோவில் அப்படியே வராது. ஆறும் வேகம் மாறும், நடுவில் குழி விழும். ஒரு சுற்று சோதனை மறுபடி இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயத்தில் என் யோசனை இது. படிப்பு முடிந்ததும் வாசனைப் பொருள், அழகுசாதனம், சோப்பு, பெயின்ட், பேக்கேஜிங் என்று எந்தத் தொழிற்சாலையிலாவது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு வருஷம் வேலை பார்க்கட்டும். ஒரு பாட்ச் ஏன் கெட்டது என்று தேடிப் பிடிக்கவும், மூலப்பொருள் விற்பவரிடம் சான்று கேட்டுப் பேசவும் அங்கே சம்பளம் கொடுத்துக் கற்றுத் தருவார்கள். மெழுகுவர்த்தி வார இறுதியில் நடக்கட்டும், தனி வங்கிக் கணக்கோடு. "வேலைக்குப் போனால் இதை நீ விட்டுவிடுவாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அம்மா. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் தலை குனிந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

அடுத்த மாதம் வரும்போது அவள் தனியாகவே வரலாம். அதே வாசனை, அதே குவளை, எண்ணெய் மட்டும் நிறுத்து ஊற்றியது இரண்டு: ஒன்றை அவள் வீட்டில் கடைசி வரை எரித்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடையும் உருகிய அகலமும் எழுதிக் கொண்டுவரட்டும். இன்னொன்றை நான் எரித்து எழுதி வைக்கிறேன். இரண்டு பேர் எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம். முதலில் கொடுத்தது இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. வாசனை நன்றாகவே இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.