பதில்: கோத்தகிரியில் போலீஸ் எடுத்துப்போன ஜோங்கா

நீங்கள் வாங்கிய பழைய ராணுவ ஜோங்காவை (ஜீப் போன்ற வண்டி), 'ஏலத்தில் எடுத்தவன் நான்' என்று வேறொருவர் புகார் கொடுத்து ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள் என்கிறீர்கள். முதலில் வண்டியை வெளியே கொண்டுவாருங்கள். மலைப் பனியிலும் மழையிலும் திறந்தவெளியில் நின்றால் தரைத்தகடு அரித்துவிடும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 503-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பொறுப்பு, அதாவது வழக்கு முடியும்வரை வண்டியை நீங்கள் வைத்திருக்க அனுமதி, கேட்டு மனு போடுங்கள். வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பிணைப் பத்திரம் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

உரிமையை நிரூபிக்க ஆர்.சி. மட்டும் போதாது. ராணுவம் ஏலத்தில் விற்ற ரசீதில் தொடங்கி உங்கள் கைக்கு வந்தது வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் வேண்டும். விற்றவருக்கே உரிமை இல்லையென்றால் பொதுவாக உங்களுக்கும் வராது; சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 27. எதிராளியின் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

காகிதத்தில் உள்ள வண்டி இதுதான் என்று காட்ட, சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண் வேண்டும்; அதை அதிகாரி முன்னிலையில் மட்டும் தொடுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துருவைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், ஓர் இலக்கம் மங்கினாலும் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

வண்டி இன்னும் ஆலிவ் பச்சையில் இருந்தால் ரோட்டில் இறக்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறைக்கு மட்டுமே விட்டிருக்கிறது. நிறம் மாற்ற நீதிமன்ற அனுமதியையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.