20-க்கு 11

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் ராத்திரி போனில் ஆங்கில இலக்கண டெஸ்ட் எழுதிப் பார்க்கிறேன். மூன்று மாதமாக 20-க்கு 11, 12-ஐத் தாண்டவில்லை. எந்த டெஸ்ட் நல்லது? எந்தப் புத்தகம் வாங்கலாம்? தமிழ் மீடியத்தில் படித்ததுதான் காரணமோ?

ச.

அன்புள்ள ச.,

புத்தகம் வீட்டில் எது கிடக்கிறதோ அதுவே போதும். டெஸ்ட்டும் அப்படித்தான். மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் மெஷினில் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தால் நெல் காய்ந்துவிடுமா? களத்தில் கொட்டிக் கிளற வேண்டாமா? மூன்று மாதமாக நீங்கள் ஈரம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் பெரியப்பா பாபநாசம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார். காந்தியின் ஆங்கிலத்தையே திருத்திக் கொடுத்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை ‘நம்ம பக்கத்து ஊர்க்காரர்’ என்றுதான் சொல்வார். கல்லூரியில் படிக்கும்போது நான் எழுதிய விண்ணப்பம் ஒன்றைக் காட்டினேன். ‘ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.’ திருத்தவில்லை. “தமிழ்ல சொல்லு” என்றார்.

“மூணு வருஷமா இங்க படிக்கிறேன்.”

“படிக்கிறேன்னு நாம சொல்ற இடத்துல அவன் ‘ஹேவ் பீன் ஸ்டடியிங்’ம்பான். அத மட்டும் புதுசா கத்துக்க. மத்தது உன் வாயிலயே இருக்கு. ‘மூணு வருஷமா’ன்னா ஃபார். ‘ஆடியிலேருந்து’ன்னா சின்ஸ். ஆடியிலேருந்துன்னு சொல்ற எடத்துல ஆடியான்னு என்னைக்காவது சொல்லியிருக்கியா?”

அவித்த நெல் வாசத்தில் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுத வைத்தார். இடப்பக்கம் நான் எழுதிய தப்பு, வலப்பக்கம் சரியானது, நடுவில் அதன் தமிழ். பத்துப் பக்கம் போவதற்குள் என் தப்பெல்லாம் நாலைந்து வகைதான் என்று தெரிந்துவிட்டது. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதினால் நம்முடைய ‘பற்றி’ உள்ளே நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு எது நுழைகிறது? உங்கள் பதினொன்று அதைச் சொல்லாது.

தமிழ் மீடியம் புலம்பலை விடுங்கள். ‘ஒரு வீடு’, ‘ஓர் ஊர்’ என்று ஒலியைப் பார்த்து மாற்றத் தெரிந்தவருக்கு ‘ஆன் அவர்’ (an hour) ஏன் வராது? கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்று ராமானுஜன் உதவித்தொகையை இழந்த கதையைச் சொல்லியும் தேற்றிக்கொள்ள வேண்டாம். அவருக்குக் கணக்கு இருந்தது. உங்களுக்கு வங்கித் தேர்வு இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. கடிதத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், மேலே அதை வெட்டிவிட்டேன்: ‘ஐ ஆம் அவெய்ட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை.’ அவெய்ட்டுக்கு ஃபார் கிடையாது, வெய்ட்டுக்குத்தான் உண்டு. நோட்டு வாங்கியதும் முதல் வரியாக அதை எழுதுங்கள்.