கொக்கு ஏன் பறந்துச்சு? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஏரிக்கரை பறவைங்கள போட்டோ எடுக்குறதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துல இருந்தும் கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. ஒரே மாதிரி கேட்டதெல்லாம் சேர்த்து இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரிக்கு வாராவாரம் போறேன்ணா. எங்கிட்ட 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் இருக்கு. கிட்ட போறதுக்குள்ள எல்லாம் பறந்துடுது. கடன் வாங்கி 600 லென்ஸ் வாங்கலாமா? (கல்லூரி மாணவர், ஆற்காடு)

இப்போதைக்கு வேணாம் தம்பி. உங்க கேமரா சின்ன சென்சார்னு (படம் பதியிற தகடு) எழுதியிருக்கீங்க, அதுல 300 போட்டாலே 450 மாதிரி கிட்ட இழுத்துக் காட்டும், நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் அது தாராளம். காவேரிப்பாக்கம் பல்லவர் காலத்து ஏரி, தமிழ்நாட்டுலயே பெரிய ஏரிங்கள்ல ஒண்ணு, கரைல நின்னு நடுத்தண்ணியில இருக்கிற பறவைய எந்த லென்ஸ் போட்டாலும் புடிக்க முடியாது. இன்னொரு விஷயம் நம்ம ஊர் வெயில். எட்டரை ஒம்போது மணி ஆச்சுன்னா தண்ணி மேலயும் காஞ்ச ஏரித்தரை மேலயும் காத்து நெளிய ஆரம்பிச்சிடும், அந்த நெளிவுக்குள்ளாற தூரத்து பறவைய எடுத்தா போட்டோ கொழகொழன்னுதான் வரும், லென்ஸ் பெருசாக பெருசாக அது இன்னும் நல்லா தெரியும். நிறைய பேர் அதப் பாத்துட்டு லென்ஸ் ரிப்பேர்னு கடைக்கு தூக்கிட்டுப் போறாங்க. லென்ஸ்ல ஒண்ணும் கோளாறு இல்ல, நீங்க லேட்டா போயிருக்கீங்க, அவ்ளோதான்.

நான் கத்துக்கிட்டது ஒரு எருமை மேய்க்கிற தாத்தாகிட்ட. பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும், ஒரு நத்தைகுத்தி நாரைய பாத்து நேரா நடந்து போயிட்டிருந்தேன், அவர் கரை மேல உக்காந்தபடியே சொன்னார், "இன்னா சார், நீ நடக்குற நடையே வேட்டைக்கு வர்றவன் மாதிரி கீது, அது நிக்குமா?" அப்புறம் தான் கவனிச்சேன், அவரோட எருமைங்க தண்ணிக்குள்ள இறங்குது, உண்ணிக்கொக்கு, மடையான் எதுவுமே அசையல, ஏன்னா எருமை யாரையும் முறைச்சுப் பாத்துகிட்டு நேர்கோட்டுல வராது. அன்னிலேர்ந்து நான் நேரா போறதில்ல, நாலு அடி சாய்வா போவேன், உக்காருவேன், வேற பக்கம் பாப்பேன், திரும்ப நாலு அடி. இல்லன்னா விடியறதுக்கு முன்னாடியே மதகு பக்கம் போய் கரைக்குக் கீழ உக்காந்துடுவேன், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி. வெளிச்சம் வரும்போது அதுங்களே மேஞ்சுகிட்டு வரும். முக்குளிப்பான் பத்தடி தூரத்துல மூழ்கி எழுந்து போறத பாத்திருக்கேன், அப்ப லென்ஸ் கிட்டத்துல ஃபோகஸ் ஆகமாட்டேங்குதேன்னுதான் கவலையா இருந்துச்சு.

பறவை பறக்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டுதான் பறக்கும். மேயறத நிறுத்தும், கழுத்த தூக்கும், உடம்ப ஒடுக்கும், சிலது எச்சம் போடும். கழுத்து தூக்கினதும் நின்னுடுங்க, முடிஞ்சா ரெண்டு அடி பின்னாடி வாங்க. திரும்ப தலைய குனிஞ்சு மேய ஆரம்பிச்சா அந்த இடந்தான் உங்க இடம், அங்கேருந்து எடுங்க. மா. கிருஷ்ணன்னு நம்ம தமிழ்க்காரர் ஒருத்தர் இருந்தார் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவோட மகன். கறுப்பு வெள்ளையில, பல பாகங்கள தானே ஒண்ணு சேத்து செஞ்ச கேமராவுல யானை, மான் எல்லாம் எடுத்தவர். அவர் படங்கள தேடிப் பாருங்க, அதுக்கப்புறமும் லென்ஸ் வாங்கணும்னு தோணுச்சுன்னா எனக்கு எழுதுங்க.

கேள்வி: கொக்கு எடுத்தா வெள்ளையா ஒரு பேப்பர் மாதிரி வருது, இறகே தெரியல. கரிச்சான் எடுத்தா வெறும் கறுப்பு நிழல். என்ன செட்டிங்? (வாலாஜா)

கேமரா படம் முழுசையும் சராசரியா பாக்கும். பின்னாடி இருட்டா செடி, முன்னாடி சின்னதா வெள்ளை கொக்குன்னா அது மொத்தத்தையும் வெளிச்சமாக்கப் பாக்கும், கொக்கு வெளுத்துடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன (படத்தோட வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற செட்டிங்) மைனஸ் 0.7 இல்ல மைனஸ் 1 வைங்க. கரிச்சான் கரண்ட் கம்பி மேல, பின்னாடி வானம்னா பிளஸ் 1, சில நேரம் அதுக்கும் மேல. உக்காந்திருக்கிற பறவைக்கு ஷட்டர் 1/500 செகண்ட் போதும், பறக்குறதுக்கு 1/2000. ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்த எவ்ளோ உணரணும்ங்கிற அளவு) ஆட்டோல விட்டுடுங்க, 1600 போனாலும் பரவால்ல, கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தாலும் பாக்கலாம், ஆடிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. ஃபோகஸ் எப்பவும் கண்ணு மேல.

கேள்வி: எங்க மல்லாட்டக் கொல்லியில ஆள்காட்டி குருவி தரையிலயே நாலு முட்டை வெச்சிருக்கு. செல்ஃபோன கிட்ட வெச்சு வீடியோ எடுக்கலாமா? குஞ்சு பொரிக்கிறத எடுக்கணும்னு ஆசை. (விவசாயி மகள், அணைக்கட்டு)

ஆசை புரியுதும்மா. ஆனா வேணாம், ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஆள்காட்டி கூடு கட்டாது, தரையில சின்னதா பள்ளம், சுத்தி நாலு கல்லு, அவ்ளோதான். முட்டை மண்ணு கலர்ல புள்ளி போட்டு இருக்கும், நின்னு பாத்தாலும் தெரியாது, அதுதான் அதுக்கு ஒரே பாதுகாப்பு. அது முட்டை வெக்கிறதே பெரும்பாலும் கோடைல. நம்ம பக்கம் சித்திரை வைகாசி வெயில் உங்களுக்கே தெரியும், 40 டிகிரிக்கு மேல போற நாள்ல வெறுந்தரையில கை வெக்க முடியுமா? அந்தத் தரைல கிடக்கிற முட்டை மேல தாய்ப்பறவை உக்காந்திருக்கிறது சூடு கொடுக்குறதுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, அந்த வெயில்ல முட்டை வெந்து போகாம நிழல் கொடுக்குது. ஏரியிலயோ கால்வாயிலயோ போய் வயித்து இறக தண்ணில நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காரும், ஈரத்துல முட்டை குளிரும். ஆம்பளை பொம்பளை ரெண்டும் மாத்தி மாத்தி இத செய்யும். நீங்க பக்கத்துல நின்னா அது வராது, மேல சுத்திகிட்டு கத்திகிட்டே இருக்கும், நீங்க வீடியோ எடுக்கிற அந்த கொஞ்ச நேரமும் முட்டை வெயில்ல கிடக்கும்.

ஒரு தடவ நானே அந்த தப்ப பண்ணேன். ஒரு ஏரித்தரைல இதே மாதிரி நாலு முட்டை, கால் மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு எடுத்தேன், படமும் நல்லா வந்துச்சு. பக்கத்து வேப்பமரத்துல ரெண்டு காக்கா உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்தது எனக்குத் தெரியல. மறுநாள் போனா ஓடு மட்டும் கிடந்துச்சு. காக்காவுக்கு அந்த இடத்த காட்டிக் கொடுத்தது நான்தான். அந்தப் படத்த இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் காட்டினதில்ல.

அதனால நீங்க செய்யக்கூடியது என்னன்னா, அந்த இடத்துல களை எடுக்குறதையும் ஏர் ஓட்டுறதையும் ஒரு மாசம் தள்ளிப்போட முடியுமான்னு அப்பாகிட்ட கேளுங்க, ஒரு பாய் அளவு இடந்தான். தூரத்துல வரப்பு மேல, அது கத்தாத தூரத்துல உக்காந்து பாருங்க. குஞ்சு பொரிச்ச அன்னிக்கே எழுந்து ஓட ஆரம்பிச்சிடும், அப்ப தாய் பின்னாடி பஞ்சு உருண்டை மாதிரி நாலும் ஓடும் பாருங்க, அத தூரத்துல இருந்தே எடுங்க. தூக்கணாங்குருவி, புள்ளி ஆந்தை கேட்டவங்களுக்கும் இதே பதில்தான், கூட்டுக்கிட்ட போகாதீங்க, மறைக்குதுன்னு கிளைய வெட்டாதீங்க, ஆந்தைக்கு ஃபிளாஷ் அடிக்காதீங்க, ஃபோன்ல குரல் போட்டு கூப்பிடாதீங்க. குரல் கேட்டா எதிரி வந்துட்டான்னு நினைச்சு தீனி தேடுறத விட்டுட்டு சண்டைக்கு ஓடி வரும். இடத்தோட பேர வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க.

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் யானை வந்திருக்குன்னா பைக் எடுத்துட்டு போய் எடுக்கலாமா? (ஆம்பூர்)

போகாதீங்க. அது ஆந்திரா பக்கம் கவுண்டின்யா சரணாலயத்துல இருந்து வர்ற யானைங்க, மா, வாழை, நெல்லு இருக்கிற இடத்துக்கு ராத்திரில வருது. வனத்துறை ஆளுங்களும் ஊர்க்காரங்களும் அத திருப்பி அனுப்ப உயிரக் கொடுத்து நிக்கிற நேரத்துல பத்து பைக்கு, லைட்டு, கூச்சல்னு போனா யானை மிரண்டு ஊருக்குள்ள ஓடும். சாகுறது நீங்களா இருக்கலாம், ஒண்ணுமறியாத ஒரு கயினிக்காரரா இருக்கலாம். ஜவ்வாது மலை காப்புக்காட்டுக்குள்ள போக விரும்புறவங்களும் வனச்சரகர் ஆபீஸ்ல முதல்ல அனுமதி கேளுங்க. அனுமதி இல்லாம நுழைஞ்சா அது குத்தம்.

கேள்வி: அமிர்தி மிருகக்காட்சி சாலைல எடுத்த புள்ளிமான் படத்த காட்டுல எடுத்ததுன்னு போட்டிக்கு அனுப்பலாமா?

கூடாது. கம்பிக்குள்ள இருக்கிறத கம்பிக்குள்ள இருக்குன்னு எழுதி அனுப்புங்க, கேவலம் ஒண்ணுமில்ல. போட்டிக்காரங்க ஒரிஜினல் ஃபைல் கேப்பாங்க. பழகுறதுக்கு அமிர்தி நல்ல இடம், லென்ஸ கம்பிக்கு ஒட்டினாப்ல வெச்சு அப்பர்ச்சர (லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற துவாரம்) நல்லா திறந்து வெச்சா கம்பி மறைஞ்சிடும்.

கேள்வி: எனக்கு கேமராவே இல்ல, ஃபோன்தான். வீட்டு வேலை முடிச்சு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எங்க ஆரம்பிக்கிறது? (வாசகி, சத்துவாச்சாரி)

வேலூர் கோட்டை அகழிக்கு போங்கக்கா. பஸ்ல ஏறினா கொஞ்ச நேரந்தான். அங்க இருக்கிற நீர்க்காகம், மடையான், மீன்கொத்தி எல்லாம் தினம் ஆயிரம் பேர பாத்துப் பழகினதுங்க, ஏரிப் பறவை மாதிரி மிரளாது. 8x42 பைனாகுலர் ஒண்ணு யார்கிட்டயாவது வாங்கி, அதோட கண்ணு வெக்கிற ஓட்டையில ஃபோன் கேமராவ ஒட்டினாப்ல புடிங்க, முதல் நாள் கறுப்பு வட்டம்தான் தெரியும், நாலஞ்சு நாள்ல கை பழகிடும். நீர்க்காகம் மீன் புடிச்சுட்டு வந்து கல்லு மேல இறக்கைய விரிச்சு காய வெக்கும், அசையாது, ஃபோனுக்கு அதவிட நல்ல மாடல் கிடைக்காது.

படம் சுமாரா வந்தாலும் அழிக்காதீங்க. தேதி, நேரம், எத்தன பறவைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பொங்கல் நாள்ல தமிழ்நாடு முழுக்க பறவை கணக்கெடுப்பு நடக்குது, கால் மணி நேரம் பாத்து ஈபேர்ட்ல (பறவை கணக்கு பதியிற வெப்சைட், ஆப்பும் இருக்கு) பதிஞ்சா போதும், அகழி கணக்க நீங்க போடுங்க. அகழில எத்தன நீர்க்காகம் பாத்தீங்கன்னு எனக்கும் எழுதுங்க, போன பொங்கலுக்கு நான் எண்ணினது 23.