கேள்வி – பதில்: தைராய்டு அறுவைக்குப் பின் எந்தக் குறியீடு?

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்கு நோய்க் குறியீடு இடும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தைராய்டு சுரப்பி அகற்றப்பட்ட நோயாளி ஒருவரின் சார்ட்டில், மருத்துவரின் மதிப்பீடாக ‘ஹைப்போதைராய்டிசம், லெவோதைராக்சின் தொடரவும்’ (தைராய்டு குறைவு, அதற்கான ஹார்மோன் மாத்திரை) என்று மட்டுமே இருந்தது. நான் இ03.9 (E03.9) போட்டேன். இ89.0 போட்டிருக்க வேண்டும் என்று ஆடிட்டில் திருப்பிவிட்டார்கள். யார் சொல்வது சரி?
— வாசகி, திருச்சி

பதில்: அந்த சார்ட்டின் மற்றப் பக்கங்களில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். இ03.9 என்பது காரணம் சொல்லப்படாத தைராய்டு குறைவுக்கு உரியது, இ89.0 என்பது அறுவை, கதிர்வீச்சு போன்ற சிகிச்சையின் விளைவாக வந்த குறைவுக்கு உரியது. இ03 பிரிவின் தலைப்பிலேயே ‘எக்ஸ்க்ளூட்ஸ் 1’ (சேர்த்துப் போடக் கூடாதவை) குறிப்பின் கீழ் இ89.0 இருப்பதால், ஒரே நோய்க்கு இரண்டையும் சேர்த்துப் போட வழியில்லை.

சிகிச்சையின் விளைவு என்று ஒரு நோயைக் குறிக்க வேண்டுமானால், அந்தத் தொடர்பை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும் என்பது இந்தக் குறியீடுகளின் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் வழிகாட்டு விதி. அதை அவர் மதிப்பீட்டுப் பகுதியில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. அன்றைய குறிப்பின் தொடக்கத்தில் ‘தைராய்டு அகற்றிய பிறகு ஏற்பட்ட ஹைப்போதைராய்டிசத்துக்காக வந்திருக்கிறார்’ என்று ஒரு வரி இருந்திருந்தால், ஆடிட்டர் சொன்னதே சரி. நீங்கள் மேலே படிக்காமல் விட்டிருக்கிறீர்கள். பழைய அறுவைகளின் பட்டியலில் மட்டும் அது கிடந்திருந்தால், மருத்துவருக்கு விளக்கம் கேட்கும் க்வெரி அனுப்புவதே முறை. அதிலும் ‘இது அறுவையால் வந்ததுதானே?’ என்று விடையைக் கேள்விக்குள் வைத்து அனுப்பக் கூடாது. காரணம் என்னவென்று கேட்டு, ‘வேறு காரணம்’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ ஆகியவற்றையும் தெரிவுகளில் சேர்த்து அனுப்ப வேண்டும்.

சுரப்பி முழுவதையும் இழந்தவருக்குக் காரணம் கேட்பது வீண் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பக்க மடலை மட்டும் எடுத்தவரை எண்ணிப் பாருங்கள். எஞ்சிய மடல் போதிய அளவு சுரந்துகொண்டிருந்து, பல ஆண்டுகள் கழித்து, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ அழற்சியால் கெட்டிருக்கலாம். அப்போது குறியீடு இ06.3 பக்கம் போய்விடும். கழுத்துத் தழும்பை வைத்து நாமே காரணத்தைத் தீர்மானித்துவிட முடியாது. எந்த வரியை வைத்து இ89.0 என்றார் என்று உங்கள் ஆடிட்டரிடமும் தயங்காமல் கேளுங்கள். அதைக் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு.

கேள்வி: தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்காகக் கதிரியக்க அயோடின் கேப்சூல் விழுங்கியவருக்குப் பின்னர் தைராய்டு குறைந்துவிட்டது. வாய்வழியாகக் கொடுத்த மருந்துதானே, மருந்தால் வந்த குறைவு என்று இ03.2 போடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போடக் கூடாது. இ03.2 என்பது அமியோடரோன், லித்தியம் போன்ற மருந்துகளின் பக்கவிளைவாகச் சுரப்பி மந்தமாவதற்கு உரியது. அயோடின்-131 கேப்சூல் வடிவில் வந்தாலும், சுரப்பிக்குள் சேர்ந்து அங்கிருந்தபடியே கதிர்வீச்சால் திசுவை அழிக்கிறது; அந்த அழிவுதான் சிகிச்சையின் நோக்கமும். ஆகவே இ89.0. குரல்வளைப் புற்றுநோய்க்குக் கழுத்தில் வெளிக்கதிர் சிகிச்சை பெற்றவருக்குத் தைராய்டு குறைந்தாலும் அதே குறியீடுதான். அமெரிக்காவில் 2015 செப்டம்பர் வரை வழக்கிலிருந்த ஐசிடி-9 இல் அறுவைக்கு 244.0, கதிர்வீச்சு முதலியவற்றுக்கு 244.1 என்று தனித்தனியே இருந்தன. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. விவரம் இதனால் குறைந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். கதிர்வீச்சு பெற்றவர் என்பது சார்ட்டில் இருந்தால், கூடவே இசட்92.3 சேர்ப்பது அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும்.

ஓர் எச்சரிக்கை. கேப்சூல் விழுங்கிய உடனே சுரப்பி அடங்கிவிடுவதில்லை. வாரங்கள், சில வேளை மாதங்கள் பிடிக்கும். இடைக்காலத்தில் வரும் சார்ட்டில் மருத்துவர் இன்னும் கிரேவ்ஸ் மிகைச்சுரப்பு என்றே எழுதியிருந்தால், அது இ05 பிரிவிலேயே இருக்கட்டும். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் ஏறும், மிகுந்தால் இறங்கும்) எண் ஏறியிருக்கிறதே என்று நாமாக இ89.0 க்கு மாற்றக் கூடாது.

கேள்வி: தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றியவருக்கு, இ89.0 உடன் சி73 (தைராய்டு புற்றுநோய்) சேர்க்க வேண்டுமா, இசட்85.850 (முன்பு இருந்த தைராய்டு புற்றுநோய்) சேர்க்க வேண்டுமா?
— வாசகி, சென்னை

பதில்: கட்டி அகற்றப்பட்டு, புற்றுநோயை நோக்கிய சிகிச்சை எதுவும் மிச்சமில்லை, நோய் இருப்பதற்கான சான்றும் இல்லை என்றால் இசட்85.850. அறுவை முடிந்து கதிரியக்க அயோடின் இனிமேல்தான் தரப்பட வேண்டும் என்றால், சிகிச்சை முடியவில்லை, சி73 தொடரும். இத்தகையவர்களில் சிலருக்கு டிஎஸ்எச் அளவை மருத்துவர்கள் வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருப்பார்கள் என்பதால், அந்த எண்ணைப் பார்த்து மிகைச்சுரப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

தைராய்டை அகற்றும்போது அதன் பின்புறம் ஒட்டியிருக்கும், ரத்தக் கால்சிய அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் சேதமாவதுண்டு. கால்சியம், கால்சிட்ரையால் (வைட்டமின் டி-யின் செயல்வடிவம்) இரண்டும் மருந்துப் பட்டியலில் இருந்தால், அறுவைக்குப் பிந்தைய பாராதைராய்டு குறைவு என்று மருத்துவர் எங்கேனும் எழுதியிருக்கிறாரா எனத் தேடிப் பாருங்கள். எழுதியிருந்தால் இ89.2 என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும், இ89.0 அதை உள்ளடக்காது.