வலிக்காத காலை முதலில் காட்டுங்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். நான் ஆசிரியை, வயது 47. நான்கு மாதமாகக் குதிக்கால் வலி. காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்க ஏலாமல் இருக்கிறது. எக்ஸ்ரேயில் குதி எலும்பில் முள்போல் ஒரு வளர்ச்சி இருப்பதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு 72, நெடுங்காலமாகச் சீனி வருத்தம். பெருவிரலுக்குக் கீழே மூன்று கிழமையாக ஒரு புண். நோவு இல்லை என்று சொல்லி, மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் பூசுகிறார். லண்டனில் இருக்கும் தங்கை 'பொடியாட்ரிஸ்ட்' (பாத வைத்தியர்) ஒருவரிடம் காட்டச் சொல்கிறாள். எனக்கு அடுத்த மாதம் எலும்பு வைத்தியரைப் பார்க்க முன்பதிவு செய்து சனல் பண்ணியிருக்கிறேன். அப்பாவையும் அன்றைக்கே கூட்டிப் போகலாமா?

பதில்: வேண்டாம், அப்பாவை நாளைக்கே கூட்டிப் போங்கள். உங்கள் குதிக்காலுக்கு அவகாசம் இருக்கிறது. அவருடைய விரலுக்கு இல்லை.

நோவு இல்லை என்று அவர் சொல்வதுதான் எனக்குக் கவலை. பல வருடம் சீனி கூடியிருந்தால் பாத நரம்புகள் உணர்வை இழக்கும். கல் குத்தினாலும் தெரியாது, கோயில் வீதியின் மத்தியான வெயில் தரை சுட்டாலும் தெரியாது. உணர்வுள்ளவர் புண்ணில் பாரம் போடாமல் நொண்டி நடப்பார். உங்கள் அப்பா அதே இடத்தில் ஊன்றி ஊன்றி நடக்கிறார். களிம்பால் ஆறாததற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம். காலுக்கு இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பிரித்தானியாவில் பாத வைத்தியம் தனித் தொழில். தங்கை அதை வைத்துச் சொல்கிறார். இங்கே அந்த வேலை பல பேரிடம் பிரிந்து கிடக்கிறது. புண்ணைச் சத்திரசிகிச்சைப் பிரிவு பார்க்கும், இரத்த ஓட்டத்தை இரத்தநாளச் சத்திரசிகிச்சை நிபுணர் பார்ப்பார், சீனியைக் கிளினிக் வைத்தியர் பார்ப்பார். அதனால் யாரைச் சனல் பண்ணுவது என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். உங்களுக்குக் கிட்ட இருப்பது களுபோவில போதனா வைத்தியசாலை. தேசிய வைத்தியசாலைக்கும் போகலாம். ஓ.பீ.டி. என்ற வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் உரிய கிளினிக்குக்கு அனுப்புவார்கள், பணமும் தேவையில்லை. கிளினிக் கொப்பி, கடைசி இரத்தப் பரிசோதனை, குடிக்கும் மருந்துகள், வழமையாகப் போடும் செருப்பு எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

அங்கே கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்க்க வேண்டும், பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மெல்லிய நைலோன் இழையால் உணர்வைச் சோதிக்க வேண்டும். எலும்புவரை போயிருக்கிறதா என்று அறிய எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். தூரத்தில் இருந்தே பார்த்து மருந்து மட்டும் எழுதித் தந்தால், "நாடித் துடிப்பு இருக்கிறதா டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். புண்ணில் பாரம் விழாமல் நடக்க என்ன வழி என்றும் கேளுங்கள். மருந்து கட்டுவதைவிட இது முக்கியம், ஆனால் அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான்.

சிவப்புப் பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ, பாதம் குளிர்ந்துபோனாலோ விடியும்வரை இருக்கக் கூடாது. அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சீனி வருத்தக்காரருக்குப் புண்ணே இல்லாமல் பாதமோ கணுக்காலோ சுட்டு வீங்கினாலும் அவசரம்தான். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டு, உள்ளே எலும்புகள் நொறுங்கி வளைந்த பிறகு கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அப்பாவின் காலைச் சுடுதண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். கோயிலுக்குப் போவதைக் கொஞ்ச நாள் ஒத்தி வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். புண் ஆறும்வரைதான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் குதிக்கால். காலையில் முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைகிறது என்றால், பெரும்பாலும் உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த சவ்வில்தான் கோளாறு இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் முள்ளுக்குப் பயப்படாதீர்கள், வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும். அதை வெட்ட வேண்டிய தேவை மிக அரிது. கட்டிலால் இறங்குமுன் கால்விரல்களைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து 10 விநாடி வையுங்கள். இப்படிப் பத்துத் தடவை. அப்புறம் சுவரில் கை ஊன்றி, பின்காலை நீட்டிக் கெண்டைத்தசையை இழுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். வகுப்பிலும் தட்டையான மெல்லிய செருப்பை விட்டு, குதிக்கு மெத்தை உள்ள சப்பாத்தைப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே குணமாகும், ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும்.

அடுத்த மாதச் சனலை ரத்துச் செய்ய வேண்டாம். இடையில் ஒரு பிசியோதெரபிஸ்டைக் கண்டு, பயிற்சியைச் சரியாகச் செய்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தியர் ஸ்டீரொயிட் ஊசி போடலாம் என்றால், அதன் நிவாரணம் பெரும்பாலும் சில கிழமைகளுக்கே என்பதையும், திரும்பத் திரும்பப் போட்டால் அந்தச் சவ்வு கிழியக்கூடும் என்பதையும் அறிந்து முடிவெடுங்கள்.