விசிறிகளின் ஊரில் யார் முந்துவார்?

கேள்வி: பிப்ரவரி தொடக்கத்தில் ஜப்பானின் மாருகாமே நகரில் நடக்கும் அரை மாரத்தானில் முன்னணி வீரர்களில் யாருக்கு வாய்ப்பு அதிகம்? அவரவருடைய சிறந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா?
— ஓட்டப்பந்தய விசிறி

பதில்: முதலில் உங்கள் புனைபெயரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு 'விசிறி' என்ற சொல்லோடு எனக்கிருக்கும் பகை தெரியும். வெறியரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று சுருங்கிச் சுருங்கிக் காற்று வீசும் பொருளின் பெயரைப் போலவே ஆகிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அகராதியில் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டு 'விசிறி' என்று எழுதினார். அன்றிலிருந்து நம் மனிதர்கள் பனையோலையாகி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 'ரசிகர்' என்ற சொல் சும்மா கிடக்க, இது எதற்கு? முன்பு இதையே எழுதியபோது கண்டித்துக் கடிதங்கள் வந்தன. பாதிப் பேர் 'தங்கள் நீண்டநாள் விசிறி' என்று கையெழுத்திட்டிருந்தார்கள்.

ஆனால் நீங்கள் தப்பித்தீர்கள். உலகத்தில் விசிறி என்று பெயர் போட்டுக்கொண்டு கேள்வி கேட்கத் தகுந்த அரை மாரத்தான் ஒன்று உண்டென்றால் அது மாருகாமேதான். ஷிகோகு தீவின் ககாவா மாகாணத்தில் இருக்கும் இந்த ஊருக்கு விசிறிதான் பிழைப்பு. 'உச்சிவா' என்கிற மடக்காத கைவிசிறி ஜப்பானில் எத்தனை தயாராகிறதோ அதில் சுமார் 90 சதவீதம் இங்கேதான் தயாராகிறது. ஒரே மூங்கில் துண்டில் பிடியும் இருக்கும். நுனியைக் கீறிப் பிரித்து விரித்தால் நரம்புகளும் வந்துவிடும். பக்கத்தில் கொம்பிரா கோயில். எடோ காலத்தில் (1603–1868) அங்கே போன யாத்திரிகர்கள், நாம் பழனிப் பஞ்சாமிர்தம் வாங்குவது போல, இந்த விசிறியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மூங்கில் இயோ நாட்டிலிருந்து, காகிதம் தோசாவிலிருந்து, பசை ஆவாவிலிருந்து வரும் என்று அங்கே ஒரு பழம்பாட்டு உண்டு (மூன்றும் அதே ஷிகோகு தீவின் பழைய மாகாணங்கள்). சரக்கெல்லாம் அண்டை மாகாணங்களுடையது, பெயர் மட்டும் மாருகாமேயுடையது. இதை நினைவில் வையுங்கள், ஓட்டக்காரர்களிடம் வரும்போது தேவைப்படும்.

ககாவா இன்னொன்றுக்கும் பேர்போனது. கட்டிப்பட்ட கோதுமை மாவைக் காலால் மிதித்துப் பிசைந்து செய்யும் உடோன் நூடுல்ஸ். 2011இல் மாகாணமே தன்னை 'உடோன் மாகாணம்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டது. சமையலுக்கே கால் வேண்டியிருக்கிற ஊரில் ஓட்டம் நன்றாக நடப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, பட்டியல். ஜப்பானியப் பந்தயப் பட்டியலை முதன்முதலில் பார்க்கிறவர் பங்குச் சந்தைப் பக்கத்தைப் பிரித்துவிட்டோமோ என்று மயங்குவார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் ஒரு கம்பெனி இருக்கும். டொயோட்டா, ஹோண்டா, சுபாரு, புஜிட்சு, யாகுல்ட். விளம்பரத்துக்குப் பனியனில் பெயர் ஒட்டிக்கொண்டவர்கள் என்று எண்ண வேண்டாம். அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். ஜனவரி 1 அன்று குன்மாவில் கம்பெனிகளுக்கிடையே எகிடென் என்னும் தொடர் ஓட்டம், ஏழு பேர் சேர்ந்து 100 கிலோமீட்டர். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பல்கலைக்கழகங்களின் ஹக்கோனே எகிடென், பத்துப் பேர் சேர்ந்து சுமார் 217 கிலோமீட்டர். ஹக்கோனேயில் ஆளுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் விழுகிறது. ஏறக்குறைய ஓர் அரை மாரத்தான். (முழு அரை என்பது 21.0975 கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 'மினி மாரத்தான்' என்று தட்டி வைப்பவர்கள் இந்த எண்ணை நூறு முறை எழுதிக் கொண்டுவரட்டும்.)

அதனால் அந்த நாட்டுக்கு ஒரு நட்சத்திரம் போதாது, பத்தாவது ஆளும் தேற வேண்டும். நவம்பரில் சைதாமா மாகாணத்தின் அகேயோ அரை மாரத்தானுக்குப் பயிற்சியாளர்கள் மாணவர்களைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு வருவார்கள். டிசம்பரில் ஹக்கோனேக்கு 16 பெயர் கொடுக்க வேண்டும், ஓடுவது அதில் பத்துப் பேர். அங்கே வந்து 'யார் ஜெயிப்பார்?' என்று கேட்டால் விவரம் புரியாதவர் என்று சிரிப்பார்கள். பதினாறாவது இடம் யாருக்கு என்பதற்காகத்தான் அத்தனை பேரும் மூச்சிரைக்கிறார்கள். மாணவர்களில் முதலிரண்டு இடம் பிடிக்கும் ஜப்பானியர்களுக்கு நியூயார்க் அரை மாரத்தானுக்கு அழைப்பு கிடைக்கும், அது தனி.

இனி நீங்கள் கேட்ட 'சிறந்த நேரம்'. ஜப்பானியர்கள் இதை 'மோச்சி டைமு' என்பார்கள், கைவசமுள்ள நேரம் என்று பொருள். கைவசம் இருப்பது சரி, எப்போது சம்பாதித்தது? அதை வைத்து ஆளை வரிசைப்படுத்துவது தாத்தா காலத்துப் பத்திரத்தைக் காட்டிப் பெண் கேட்பது போன்றது. அதிலும் கடந்த பத்தாண்டுக்குள் கனத்த நுரையடியும் கார்பன் தகடும் கொண்ட காலணிகள் வந்துவிட்டன. அதற்கு முந்திய நேரத்தையும் பிந்திய நேரத்தையும் ஒரே வரிசையில் வைப்பவர் அணாவையும் நயா பைசாவையும் சேர்த்துக் கூட்டுகிறார்.

மாருகாமேயின் கதையையே பாருங்கள். 2007இல் மெகுபோ மொகுசு என்ற கென்ய மாணவர் இங்கே 59 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். படித்தது யமனாஷி ககுயின் பல்கலைக்கழகத்தில். ஜப்பானியர்களுக்கோ அந்த ஒரு மணி நேரம் கோட்டைச் சுவராக நின்றது. 2017இல் ஸ்காட்லாந்தின் கேலம் ஹாக்கின்ஸ் இதே சாலையில் சரியாக 60 நிமிடம். 2020இல் யாகுல்ட் வீரர் யூசுகே ஒகுரா, தேசிய சாதனை, அதுவும் சரியாக 60 நிமிடம்! சாலை ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. விநாடியில் துளி மிஞ்சினாலும் அடுத்த முழு விநாடியாக ஏற்றித்தான் எழுத வேண்டும். ஒகுரா 59 நிமிடம் 59 விநாடிக்கு மேல் ஒரு கண்சிமிட்டலில் வந்திருந்தாலும் ஏட்டில் 60தான். ஆட்டோ மீட்டர் தோற்றது போங்கள். ஐந்து ஆண்டுகள் அந்த இரண்டு பூஜ்யங்கள் அசையவில்லை. 2025இல், இதே மாருகாமேயில், டொயோட்டாவின் தொமோகி ஓட்டா 59 நிமிடம் 27 விநாடியில் ஓடிச் சுவரைத் தாண்டினார். மொகுசு தாண்டி 18 ஆண்டுகளுக்குப் பிறகு.

பெண்கள் பக்கம் கதை வேறு. கயோகோ ஃபுகுஷி 2006இல் இங்கே 67 நிமிடம் 26 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையை எடுத்துப்போக 2020இல் ஹிதோமி நீயா வர வேண்டியிருந்தது, அதுவும் அமெரிக்காவின் ஹூஸ்டனில். ஆண்களுக்குச் சுவர் எழுப்பிய சாலை பெண்களுக்கு ஏணி போட்டுக் கொடுத்திருக்கிறது.

நேரத்தை வைத்து ஆளை எடைபோடுகிறவர்களுக்கு ஒரு பாண்டாவையும் காட்டிவிடுகிறேன். 2018 மார்ச்சில் சைதாமாவின் குக்கி அரை மாரத்தானில் ஒருவர் பாண்டா கரடி வேடத்தில் ஓடி ஒரு மணி பத்து நிமிடத்தை ஒட்டி முடித்தார். யூக்கி கவாவுச்சி, அன்றைக்கு அரசு ஊழியர். அடுத்த மாதம் கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் போஸ்டன் மாரத்தானை வென்றவர் அவரேதான். அவருடைய குக்கி நேரத்தைப் பட்டியலில் போடுகிறவர் பக்கத்தில் 'வேடம்: பாண்டா' என்று போடுவாரா?

கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று அடுத்த வாரம் கடிதம் வரும், எனவே சொல்லிவிடுகிறேன். ஆண்களில் முதலில் வருபவர் பெரும்பாலும் கென்யாவில் பிறந்து ஜப்பானிய கம்பெனியில் சம்பளம் வாங்குபவராக இருப்பார். இயோ மூங்கில், தோசா காகிதம் என்றேனே, அதே கதைதான். பதின்ம வயதில் சென்டாய்க்குப் பள்ளி மாணவனாக வந்து, ஜப்பானிய மொழி பேசி வளர்ந்து, 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற சாமுவேல் வஞ்சிருவும் நின்ற இந்த வரிசை நீளமானது. மறுநாள் அங்கே பத்திரிகைகள் 'ஜப்பானியரில் முதல்வர்' என்று ஐந்தாவதாக வந்தவருக்கும் கொட்டை எழுத்தில் தலைப்புக் கொடுக்கும். முன்னால் போன நால்வரில் மூவர் அதே நாட்டில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்களாக இருந்தாலும் சரி.

நேரில் போவதாக இருந்தால் ஒன்று. பிப்ரவரியில் மாருகாமே குளிரும். விசிறி வாங்கலாம், வீசிக்கொள்ள வேண்டாம்.