ஷாட் பெயரை மாற்றியதும் டேங்க் பிழை காட்டுகிறதே, ஏன்?

படத்தின் ஷாட்களையும் அவற்றின் வேலைகளையும் கண்காணிக்கும் மென்பொருளான ஷாட்கிரிட்டில் (இப்போதைய பெயர் ஃப்ளோ ப்ரொடக்‌ஷன் டிராக்கிங்) ‘பாம்பன்_010’ என்ற ஷாட் பெயரை ‘பாலம்_010’ என்று மாற்றியபின் ஃபோல்டர் உருவாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தில் வேலை பார்த்தபோது எனக்கும் இதே சிக்கல் வந்து ஒரு இரவு போனது.

ஷாட்கிரிட்டோடு சேர்ந்து இயங்கும் கட்டளைக் கருவியான டேங்க்கின் ‘ஃபோல்டர்ஸ்’ கட்டளை ஃபோல்டரை உருவாக்குவதோடு நிற்பதில்லை. வட்டில் எந்த ஃபோல்டர் பாதை எந்த ஷாட்டுக்கு உரியது என்று தரவுதளத்திலும் பதிந்துவைக்கிறது. நீங்கள் பெயரை மாற்றினாலும் அந்தப் பதிவு பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அந்த ஷாட்டுக்கு முதலில் ‘அன்ரெஜிஸ்டர்_ஃபோல்டர்ஸ்’ கட்டளையை ஓட்டுங்கள். பயம் வேண்டாம், பதிவுதான் நீங்கும். வட்டில் உள்ள கோப்புகளை அது தொடாது. அப்புறம் மறுபடி ‘ஃபோல்டர்ஸ்’.

பழைய கோப்புகளை நீங்களேதான் புது இடத்துக்கு நகர்த்த வேண்டும். காட்சிகளை இணைக்கும் மென்பொருளான நியூக்கின் கோப்புகளுக்குள் பழைய பாதை இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.